ஆ லோக்கின் எலும்புகள்

கபோ சந்தையில் மீன்காரன் சொன்ன விலையைக் கேட்டு நான் "அலாமாக்!" என்று கத்தியதில்தான் எல்லாம் தொடங்கியது. சின்ன வயதில் மலாயாவில் ஒட்டிக்கொண்ட சொல், பலெர்மோவுக்கு வந்தும் என் வாயை விட்டுப் போகவில்லை. பக்கத்தில் நின்ற சீனக் கிழவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

பெயர் ஆ செங். ஒரேத்தோ வீதியில் மகனின் துணிக்கடையில் இருக்கிறாராம். உடைந்த மலாயில் இரண்டு பேரும் கதைத்துப் பார்த்தால், என்ன புதுமை! என் அப்பா கணக்கெழுதிய அதே ஈயச் சுரங்கத்தில்தான் அவருடைய அப்பா ஒப்பந்தக் கூலி. பம்புக்கார ஆ லோக் என்றால் எனக்குத் தெரியாதா?

அதன்பிறகு நான் வேலைசெய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா லீவு தரும் வியாழன் பின்னேரங்களில், கடையின் பின்னறையில் இருந்து பழைய கதைகளைக் கிளறினோம். கைநாட்டு வைத்துக் கப்பலேறிய சனம். ஆள்பிடித்த கொந்தராத்துக்காரனிடமே அரிசி, அவனிடமே அபின். கூலியெல்லாம் அவன் கைக்கே திரும்பிப் போய்விடும். நீளக் கொட்டிலில் நெருக்கியடித்துப் படுப்பார்கள். ஆனாலும் பின்னேரமானால் மரச்செருப்பு டக் டக்கென்று வர, ஆ லோக் எனக்கு அவித்த கச்சான் கடலை கொண்டுவருவார். அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. எவ்வளவு நல்ல மனுசன்!

ஒருநாள் ஆ செங் கேட்டார். அவர் மலாயில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"சுரங்கத்துக் குளக்கட்டு சரிஞ்சு அப்பா செத்தவுடனை, பட்டணத்திலை இருந்த அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு சீனாவுக்குப் போயிட்டா. சில வருசத்தாலை எலும்பைத் தோண்டி, சாடியிலை வைச்சு ஊருக்கு அனுப்பிறது எங்கட வழக்கம். அந்தச் சாடி வரவேயில்லை. அம்மா சாகுமட்டும் பாத்துக்கொண்டிருந்தவ. அது எங்கை போனதெண்டு தெரியாமல் எனக்கும் சாக ஏலாது. உங்கட அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

எனக்குத் தெரியும். நான் கண்ணாலே பார்த்தேன். சுரங்கத்தை அகலமாக்க, சீனரின் புதைகுழி மேட்டையும் தோண்டச் சொன்னான் வெள்ளைக்கார மனேஜர். ஆ லோக்கைக் கேட்டு யாரும் வரவில்லை. என் அப்பா யாழ்ப்பாணத்துச் சைவசமயத்து மனுசன். அநாதையாகக் கிடக்கக்கூடாதென்று எலும்புகளை மண்முட்டியில் அள்ளி, தேவாரம் பாடி, ஆற்றில் கரைத்துவிட்டார். புண்ணியம் செய்ததாகத்தான் அவர் நினைத்தார்.

பொய் நுனிநாக்கு வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

ஆ செங் எழும்பிச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். "தண்ணியிலையோ? அம்மா அவ்வளவு காலம் காத்திருந்தா, தண்ணியிலையோ விட்டவர்?"

எனக்கு அழுகை ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். "என்ர அப்பாவை ஏசாதேங்கோ! தகப்பன் செத்தால் மகன் செய்யிறது எல்லாம் அவர் செய்தவர். மீசையை வழிச்சவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் மச்சம் மாமிசம் தொடேல்லை. அவரின்ர சொந்தத் தகப்பன் யாழ்ப்பாணத்திலை செத்தபோதுகூட, கப்பல் கிடைக்காமல் அவராலை அப்பிடிச் செய்ய முடியேல்லை!"

பிறகு மெதுவாகத் திரும்பினார். கண் சிவந்திருந்தது.

"என்ர அப்பாவுக்கு மகனாய் நிண்டவரெண்டால், அவர் எனக்கு அண்ணன்," என்றார். "நீ என்ர அண்ணன்ர மகள்."

என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது.

"ஓம், சித்தப்பா," என்றேன்.