விசிலடிக்கும் மூச்சு

விடிந்தும் விடியாததுமாகக் குரோம் தொட்டியருகே இருந்தவர்கள்: சைக்கிள் ஹேண்டில்பார்களைச் சட்டத்தில் மாட்டித் தொட்டிக்குள் இறக்கும் கொக்கி அண்ணன், முலாம் ஏறியதை எடுத்துத் தண்ணீரில் அலசும் அக்கா, ஈரம் துடைத்து அடுக்கும் நான். இன்னொருவரும் இருந்தார். அவரை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

தொட்டியில் குரோமிக் அமிலம் செம்பழுப்பாக, குளிக்கும் வெந்நீர்ச் சூட்டில் கிடந்தது. கரண்ட் ஏறியதும் நுரைத்து, மஞ்சள் ஆவியாக எழும்பியது. கண் எரிந்தது. நாக்கில் துருப்பிடித்த ஆணியின் ருசி. ஆவியை வெளியே இழுக்கச் சுவரில் பெரிய ஃபேன் உண்டு. அதன் சுவிட்ச் முதலாளியின் அறைக்குள். ஆவியை அமுக்கத் தொட்டிமேல் மிதக்கவிடும் பிளாஸ்டிக் பந்துகளும் உண்டு, மூட்டையாக ஸ்டோருக்குள். தொழிற்சாலை ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் ஃபேன் சுற்றும், பந்துகள் மிதக்கும். இன்று அவர் வருகிற நாள்.

"ஃபேன் போட்டா கெமிக்கலும் பறக்குது, சூடும் பறக்குது. உங்கப்பனா குடுப்பான்?" என்பார் முதலாளி.

இரண்டு முறை சேர்ந்து போய்க் கேட்பதென்று பேசிவைத்தோம். இரண்டு முறையும் நாங்கள் வாயைத் திறக்குமுன் அவரிடம் பதில் தயாராக இருந்தது. யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதன்பின் மூவரும் தனித்தனியே சாப்பிட்டோம். அண்ணன் முதலாளியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனதை நான் பார்த்துவைத்தேன். நான் ஸ்டோர் பக்கம் ஒதுங்கினால் அண்ணன் பார்த்துவைத்தார். அக்கா எங்கள் இருவரையும் பார்த்தார்.

இன்று அலசிய ஹேண்டில்பாரின் மேல் அக்காவின் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. முழங்கையால் துடைத்தார். கையுறை கிடையாது. விரல் முட்டிகளில் மிளகளவு குழிப்புண்கள். வலிக்காது, ஆறவும் ஆறாது.

"நாளையிலேருந்து வர வேணாம்னுட்டாரு. ரத்தம் பட்டு சரக்கு கெடுதாம்," என்றார்.

அண்ணனிடம் ஒரு வித்தை உண்டு. நூலை ஒரு மூக்குத் துளையில் விட்டு மறு துளையில் எடுப்பார். "ஊசியும் இல்ல, மெஷினும் இல்ல, தையக்காரன் தோத்தான்!" என்பார். பல வருட ஆவி மூக்கின் நடுச்சுவரைத் தின்றுபோட்ட ஓட்டை அது. அக்கா ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். இன்று தன் துண்டின் ஓரத்தில் ஒரு நூலை உருவி, முறுக்கி, மூக்கில் விட்டார். மறுபக்கம் வந்தது.

"எனக்கும் வித்தை வந்துடுச்சுண்ணே."

அண்ணன் போய்க் கரண்டை நிறுத்தினார். தொட்டி அடங்கியது.

"ஃபேன் ஓடாம இனி ஒரு சட்டமும் உள்ள இறங்காது. இந்தத் தங்கச்சியும் எங்கயும் போகாது. நீ என்னடா சொல்ற?"

"முதல்ல நீங்க பைக்ல எங்க போனீங்கன்னு சொல்லுங்க."

"பையன் பள்ளிக்கூடத்துல விழுந்துட்டான்னு போன் வந்துச்சு. அவரு அந்தப் பக்கம் போனாரு, ஏறிக்கிட்டேன். போதுமா?"

போதவில்லை. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய விசில். இழுத்து, விட்டு, இழுத்து. ஸ்டோர் கதவுக்குப் பின்னாலிருந்து.

அண்ணன் கதவை இழுத்துத் திறந்தார். பந்து மூட்டையின் மேல் முதலாளியின் மச்சினன் உட்கார்ந்திருந்தார். ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர், நாங்கள் 'சின்ன முதலாளி' என்று கேலி பேசும் ஆள். தொட்டியில் கை வைத்ததே இல்லை.

"அட, சின்ன முதலாளி! காலங்காத்தாலயே காதுக்கு வேலையா?"

"பந்து எடுக்க வந்தேன்."

"போன ரெண்டு தடவையும் பந்து எடுக்கத்தான் வந்தீங்களா?"

அவர் மூக்கு விசிலடித்தது. அண்ணனின் முகம் மாறியது.

"எத்தனை நாளா கத்துது இது?"

"சளி. மாமாதான் டாக்டர்கிட்ட கேட்டுச் சொன்னாரு."

"ஓட்டை சின்னதா இருக்கறப்பதான் கத்தும் தம்பி. எனக்கும் கத்துச்சு. பெருசாயிட்டா சத்தமே வராது."

அந்த ஸ்டோருக்கு ஜன்னல் இல்லை. ஒரே கதவு, தொட்டியைப் பார்த்து. எங்கள் பேச்சு காதில் விழ அவர் அதை ஒருக்களித்தே வைத்திருந்தார். பேச்சோடு ஆவியும் போயிருக்கிறது.

அக்கா புது நூல் ஒன்றை உருவி நீட்டினார். "பயப்படாதீங்க, வலிக்காது. அதான் இதுல மோசம்."

மச்சினன் தடவித் தடவி மூக்கில் விட்டார். நூலின் நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. அவர் நூலை உருவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை.

முதலாளி உள்ளே வந்தார். "என்ன, மாநாடா? எவன் கரண்ட நிறுத்துனது? ஆய்வாளர் வர்ற நேரத்துல!"

"ஃபேன் போடுங்க," என்றார் அண்ணன். "அவருக்காக இல்ல, தினமும். பந்து தொட்டியிலயே கிடக்கட்டும். இவங்க வேலையில இருக்கணும்."

"கையுறையும் வேணும்," என்றேன். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அவளுக்குச் சளி. உங்களுக்குத் திமிரு."

"உங்க மச்சினனுக்கு?"

முதலாளி நூலைப் பார்த்தார். அதிர்ச்சியடையவில்லை. அவருக்கு முன்பே தெரியும்.

"வேலை செய்யறவன் உள்ள நில்லு, மத்தவன் வெளிய போ. இந்த வேலைக்கு வாசல்ல ஆயிரம் பேர் நிக்கறான்."

"நாங்களும் அவங்களோடயே போய் நிக்கறோம்," என்றார் அக்கா.

மூவரும் வாசற்படியில் உட்கார்ந்தோம். யார் வந்தாலும் எங்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். நான் அண்ணனை ஒட்டி உட்கார்ந்தேன். பைக் கதை உண்மையாகவும் இருக்கலாம்.

உள்ளே முதலாளியின் குரல்: "மாப்ள, பந்தக் கொட்டிட்டு வாசக் கதவச் சாத்து."

விசில் நெருங்கி வந்தது. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மச்சினன் வாசலில் நின்றார்.

"மாமா, டாக்டர் உங்ககிட்ட சளின்னா சொன்னாரு?"

"அப்புறம் பேசலாம்டா."

"ஆய்வாளர் வரட்டும். அவரு முன்னாடி பேசலாம்."

படியிறங்கி மூட்டையை எங்கள் நடுவில் போட்டார். அக்கா அதன் வாயை அவிழ்த்து, பந்துகள் தெருவுக்குத் தெரியும்படி திருப்பிவைத்தார்.

அவரை நான் நம்பவில்லை. நாளைக்கும் நம்புவேனா என்று தெரியாது. நகர்ந்து இடம் விட்டேன்.

அவர் உட்காருமுன் முதுகுக்குப் பின்னால் கதவு அறைந்து மூடியது. உள்ளே சாவி திரும்பியது.