தள்ளாத ஸ்க்ரம்

எங்கள் மூன்று பேரையும் ஒரே முச்சக்கர வண்டியில் ஏற்ற வெள்ளவத்தையில் எந்தச் சாரதியும் சம்மதித்ததில்லை. நிலாமைக் கண்டதுமே பாதிப் பேர் கையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்துவிடுவார்கள். மிச்சப் பாதிப் பேர் அவனுக்குப் பின்னால் வருகிற ஜீவராஜைக் கண்டதும் எடுத்துவிடுவார்கள். ஆகவே மெட்ச்சுக்குப் பஸ்ஸில்தான் போவோம். கடைசி ஆசனத்தில் இடது பக்கம் நிலாம், நடுவில் நான், வலது பக்கம் ஜீவராஜ். மைதானத்தில் நிற்கிற அதே வரிசைதான். இடம் மாறி உட்கார்ந்தால் எங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும்.

ரக்பி தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்க்ரம் என்பது இந்தப் பக்கம் எட்டுப் பேரும் அந்தப் பக்கம் எட்டுப் பேரும் குனிந்து, தலைகளை இடைவெளிகளில் செருகி, மாடு மாதிரித் தள்ளுவது. முன்வரிசையில் மூன்று பேர் நிற்பார்கள். நடுவில் நிற்பவன் ஹூக்கர். அது நான். என் இரண்டு கைகளும் இரண்டு பக்கத்துக்காரரின் தோள்களுக்கு மேலால் போயிருக்கும். பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பது என் வேலை என்பதால் பாதி நேரம் ஒற்றைக் காலில் நிற்பேன். அவர்கள் இருவரும் என் ஜேர்சியைப் பிடித்திருக்கிற பிடியில்தான் நான் தொங்குகிறேன். பிடி விட்டால் முதலில் போவது பிடித்தவனின் கழுத்தா, தொங்குகிறவனின் கழுத்தா என்பது அன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

எங்கள் கழகம் பேர்போன கழகமல்ல. கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் வேலை முடிந்து மூச்சு வாங்க ஓடி வருகிற ஆட்களின் கழகம். எனக்குத் துறைமுகப் பக்கம் ஒரு கிளியரிங் கந்தோரில் வேலை. நிலாமுக்குப் புறக்கோட்டையில் துணிக்கடை. ஜீவராஜ் கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஸ்டோர்ஸ் பார்த்தான். தகப்பன் காலத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்த குடும்பம். அவன்தான் கெப்டன். பயிற்சி முடிந்ததும் காலி வீதியில் கொத்து ரொட்டிக் கடைக்குப் போவோம். அங்கே மற்றவன் கோப்பையில் கை வைக்காமல் ஒருவனும் சாப்பிட்டதில்லை.

என் அப்பா பொரளையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் சொந்த அண்ணன்மார் பழப் பையோடு வந்து, கட்டில் கால்மாட்டில் நின்று, மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பாவைக் கழுவவும் நாற்காலியில் இருத்தவும் தூக்கியவர்கள் இந்த இரண்டு பேரும்தான். அப்பா கடைசியாகச் சிரித்தது ஜீவராஜ் அவரைக் குழந்தை மாதிரித் தூக்கி, எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை வைக்கப் போகிறவனைப் போல, "பெரியவரே, ட்ரை போடப் போறோம்" என்று சொன்னபோதுதான். அதற்குப் பிறகு அவனுக்காக நான் எதையும் செய்வேன் என்பது எனக்குள் முடிவாகிப்போன விஷயம். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

போன வருடம் இறுதி ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பயிற்சியில் ஒரு ஸ்க்ரம்மில் என் வலது பக்கம் காலியாக இருந்தது. ஜீவராஜ் நிற்கிறான், தோள் இருக்கிறது, மூச்சுக் கேட்கிறது. ஆனால் என் ஜேர்சியைப் பிடித்திருக்க வேண்டிய அவனுடைய இடது கை அங்கே சும்மா கிடந்தது. வெளியிலிருந்து பார்க்கிற கோச்சுக்கு இது தெரியாது. மறுபக்கம் நிற்கிற நிலாமுக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

நிலாம் வெள்ளவத்தையிலேயே இறங்கிவிடுவான். கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"கைக்கு என்ன மச்சான்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லடா. விறைக்குது."

"எவ்வளவு நாளா?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். கழுத்தில் ஒரு வட்டு நழுவி நரம்பை அமுக்குகிறதாம். ஒப்பரேஷன் செய்ய வேண்டும், இனி ஸ்க்ரம்முக்குள் தலை வைக்கவே கூடாது, பிழையாக ஓர் அடி விழுந்தால் கழுத்துக்குக் கீழே ஒன்றுமே வேலை செய்யாமல் போகலாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

"துஷாந்தினிக்குத் தெரியுமா?" என்று அவன் மனைவியைப் பற்றிக் கேட்டேன்.

"அவளுக்குத் தெரிஞ்சா ஷூவ கடல்ல வீசிருவா. ஃபைனல் ஒண்ணுதான்டா. அது முடிஞ்சதும் நானே போய்ப் படுத்துக்குறேன். யார்கிட்டயும் மூச்சு விடாத. உங்க அப்பா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். நான் ஒரு முட்டாள். அப்பாவின் பெயரை அவன் எடுத்தால் என்னால் மறுக்க முடியாது என்பது அவனுக்கும் தெரியும்.

இறுதி ஆட்டம் பொரளைப் பக்கம் ஒரு மைதானத்தில் நடந்தது. எங்களுக்கு வேகம் கிடையாது. எங்கள் பின்வரிசைப் பையன்கள் ஓடுவதைப் பார்த்தால் பஸ் பிடிக்கத் தெரியாதவர்கள் மாதிரி இருக்கும். எங்களிடம் இருந்தது ஸ்க்ரம் மட்டும்தான். அதை வைத்தே இறுதி ஆட்டம் வரை தள்ளிக்கொண்டு வந்திருந்தோம். முதல் பாதியில் அவர்களை அப்படியே பின்னுக்குத் தள்ளினோம். பத்துப் புள்ளி முன்னால் நின்றோம். ஆனால் ஒவ்வொரு தள்ளலிலும் அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வந்தது எனக்குத் தெரிந்தது.

இடைவேளையில் அவனைத் தண்ணீர் டிரம் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"போதும் மச்சான். வெளியில போ."

"நான் போனா ஸ்க்ரம் இல்லடா."

அது உண்மைதான். முன்வரிசையில் நிற்பதற்குப் பழகிய ஆள் வேண்டும். பழகாதவனை அங்கே விட்டால் கழுத்து போய்விடும் என்பதால் சட்டம் அப்படி. எங்களிடம் இருந்த ஒரே மாற்று ஆள் போன மாதம் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். எங்கள் மூவரில் எவன் வெளியே போனாலும், ரெஃபரி அதற்குப் பிறகு தள்ளாத ஸ்க்ரம் என்று சொல்லிவிடுவார். இரண்டு பக்கமும் குனிந்து நிற்கும், யாரும் தள்ளக் கூடாது, பந்தைப் போட்டவன் எடுத்துக்கொண்டு போகலாம். தள்ளக் கூடாது என்றால் எங்களிடம் வேறு என்ன இருக்கிறது?

"நான் ரெஃபரிட்ட சொல்லுவன்," என்றேன்.

"சொல்லு. நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லுவேன். அதுக்கப்புறம் நீ யாரோ, நான் யாரோ."

இரண்டாம் பாதியின் முதல் ஸ்க்ரம் நொறுங்கி விழுந்தது. ஜீவராஜின் முகம் மண்ணில் குத்தியது. எல்லோரும் எழுந்தார்கள், அவன் கடைசியாக எழுந்தான். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. வலது கையால் அதைத் தூக்கி இரண்டு தரம் தொடையில் அடித்து, விரல்களை மடக்கிப் பார்த்தான். மடங்கவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

ரெஃபரி மறுபடி ஸ்க்ரம் என்று கையைக் காட்டினார். நாங்கள் காக்கிற கோட்டுக்குப் பக்கத்தில், அவர்களுடைய முழுப் பலமும் வரப்போகிற இடத்தில். ஜீவராஜ் வந்து என் வலது பக்கம் நின்றான். எனக்குள் அப்போது வந்த பயத்தை எந்த மெட்ச்சிலும் நான் அறிந்ததில்லை. இந்த ஸ்க்ரம்மில் இவன் போய்விடுவான் என்று உறுதியாகத் தெரிந்தது. நான் ஓர் அடி பின்னால் வைத்து, கெண்டைக் காலைப் பிடித்துக்கொண்டு தொப்பென்று விழுந்தேன்.

"எழும்புடா, ஷோ காட்டாம," என்று நிலாம் சிரித்தான். நான் எழும்பவில்லை. அவன் சிரிப்பு மெதுவாக நின்றது. "கிளறன்ஸ்? மச்சான், சும்மா நடிக்கிறாய் தானே?"

இரண்டு பேர் என்னைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்தார்கள். ரெஃபரி தள்ளாத ஸ்க்ரம் என்றார். எதிரணிக்கு அன்று பெருநாள். பந்தை எடுத்து ஓடினார்கள், எங்கள் ஆட்கள் துரத்தினார்கள். நான் ஓரத்தில் ஐஸ் பையோடு உட்கார்ந்து, ஜீவராஜின் தலை ஒவ்வொரு தரமும் பூப்போலக் குனிந்து பூப்போல நிமிர்வதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் தோற்றோம்.

உடை மாற்றும் அறையில் பிஸியோ என் காலை மேலும் கீழும் அமுக்கிப் பார்த்தார். பிறகு கட்டுகூடப் போடாமல் எழுந்து கையைத் துடைத்தார். அந்த அறையில் எல்லோருக்கும் அது போதுமாக இருந்தது.

"கால்ல ஒண்டுமில்ல," என்றான் நிலாம். ஜேர்சியால் கண்ணைத் துடைத்தான். "வாப்பா மவுத்தான அண்டைக்கும் நான் இப்பிடி அழல்ல. நீ பயந்து விழுந்தாய். எங்கட கோட்டுக்குக் கிட்ட, எங்கள உட்டுட்டு விழுந்தாய்."

நான் ஜீவராஜைப் பார்த்தேன். அவன் சுவரோரமாக இருந்து ஒற்றைக் கையால் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை. 'அவனை விடுங்கடா' என்று சொன்னால்கூடப் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவன் லேஸை அவிழ்த்தான், அடுத்த காலை எடுத்தான், அதையும் அவிழ்த்தான். நான் என் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் தரிப்பு வரைக்கும் நொண்டிக்கொண்டு போனேன். யாராவது பின்னாலிருந்து பார்த்துவிடுவார்களோ என்று.

அன்று மாலையே வட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். நிலாம்தான் நீக்கினான் என்று அது பெயரோடு காட்டியது. ஜீவராஜ் நாளைக்கு எனக்கு ஃபோன் எடுப்பான், நாளைக்கு எடுப்பான் என்று இருந்தேன். எடுக்கவில்லை. நான் எடுத்தபோதும் பதில் இல்லை. அவனுக்கு ஒப்பரேஷன் என்பதை மாதங்கள் கழித்து யாரோ சொல்லித்தான் அறிந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்ட் வாசலில் வாங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்து எங்கள் ஆட்கள். நிலாம் எல்லோருக்கும் பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான். வாங்கிப்போன திராட்சைப் பழத்தோடு அப்படியே திரும்பி வந்தேன்.

இந்த வருடம், போன மாதம், வெள்ளவத்தையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் அவனே வந்து என் முன்னால் உட்கார்ந்தான். முகத்தில் நல்ல நிறம் வந்திருந்தது. தொண்டைக்குப் பக்கத்தில் சின்னத் தழும்பு. இப்போது கழகத்தில் கோச்சாம். துஷாந்தினி முழுகாமல் இருக்கிறாளாம். இரண்டு கையாலும் பணிஸைப் பிய்த்துச் சாப்பிட்டான். எனக்குக் கண் கலங்கியது. அதை அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான்.

"உன் மேல எனக்குக் கோவம் இல்லடா," என்றான். "என் கையில பிடி இல்லேன்னு உனக்கு மட்டுந்தான் தெரியும். நடுவுல தொங்குறவன் நீ. கீழ விழுந்தா உன் கழுத்துந்தான் போகும். உயிருக்குப் பயந்து விழுந்துட்ட. அதுல தப்பில்ல. நான் அன்னைக்கே மன்னிச்சிட்டேன். அதனாலதான் ரூம்ல ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தா, என் கை விஷயம் தெரிஞ்சும் என்ன உள்ள விட்டுட்டு நீ தப்பிச்சிட்டேன்னு உன் மானம் இன்னும் போயிருக்கும்."

ஒரு வருடமாக அவன் என்னைக் கைவிட்டான் என்று நினைத்திருந்தேன். அவனோ என்னைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

"ஒரு சங்கடந்தான்டா," என்றான் சிரித்துக்கொண்டே. "என் கழுத்து அன்னைக்குத் தாங்கியிருக்கும். நீ நின்னிருந்தா கப் நம்மளோடது."

சொல்ல வேண்டியதெல்லாம் என் வாயில் இருந்தது. ஒரு வருடமாகக் குளிக்கும்போதும் கந்தோரிலும் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனங்கள். சொன்னால் என்ன ஆகும்? அந்தத் தோல்வியைத் தூக்கி அவன் தலையில் வைத்ததாகும். பிள்ளை பிறக்கப்போகிறவன். சந்தோஷமாக இருக்கிறான். அதோடு, எனக்கு விளங்கிவிட்டது, நான் சொன்னாலும் அவன் நம்பப் போவதில்லை.

"ஓம் மச்சான்," என்றேன். "பயந்திட்டன்."

அவன் முகம் தெளிந்தது. "நீயே சொல்லிட்ட பாரு, அவ்வளவுதான். ஞாயித்துக்கெழம கிரவுண்டுக்கு வா. நிலாம்கிட்ட நான் பேசுறேன். எல்லாரும் மன்னிச்சிருவானுங்க." என்னை எழுப்பிக் கட்டிப்பிடித்தான். பிறகு கல்கிசை பஸ் வருகிறது என்று வாகனங்களுக்கு நடுவே வீதியைக் கடந்து ஓடி ஏறினான்.

ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. மன்னிக்கப்பட்டவனாக அந்த மைதானத்துக்குள் கால் வைக்க என்னால் முடியாது. அவன் நடந்து திரிந்தால் எனக்கு அது போதும் என்று நினைத்துத்தான் அன்று விழுந்தேன். போதவில்லை.