எட்டாவது சுற்றின் அடிக்குறிப்பு

எனக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. வீட்டில் ஜாம் பாட்டிலில் பேனா, பேனா டப்பாவில் பட்டன். என் ஆராய்ச்சியும் அதே புத்திதான்: ஒரே வினையூக்கியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, வாழைப்பழ வாசனையுள்ள எஸ்டர் என்ற வேதிப்பொருளைத் தயாரிப்பது. அந்த வினையூக்கி ஓர் அயனித் திரவம். உப்புதான், ஆனால் தேன் மாதிரி ஓடும். வேலை முடிந்ததும் எஸ்டர் மேலே மிதக்கும். அதை வடித்துவிட்டு, அடியில் தங்கியதைச் சூடாக்கி, பம்பு வைத்து ஈரத்தை உறிஞ்சி எடுத்தால் அடுத்த சுற்றுக்குத் தயார்.

பத்துச் சுற்று ஓட்டிக் காட்டினால்தான் ஆய்வேட்டில் கையெழுத்து என்று என் ஆய்வு வழிகாட்டி மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கெடு.

ஒவ்வொரு சுற்றிலும் பாத்திரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அதனால் பத்து கிராமில் ஆரம்பித்த எடை இறங்கிக்கொண்டேதான் வரும். ஏழாவது சுற்று முடிந்து தராசில் வைத்தேன். பத்தேகால்!

பக்கத்து மேசையில் என் கணவன். அவனுக்கும் அதே திரவத்தில்தான் ஆராய்ச்சி. எதையும் நிதானமாகச் செய்வதால் ஆய்வகத்தில் அவன் பெயர் ஆமை.

"நீதானே ஊத்தின?"

"எதை?"

"நடிக்காத. நேத்து பல் தேய்க்கும்போது சொன்னியே, 'குறைஞ்சா சொல்லு, என் பாட்டில்ல நிறைய இருக்கு'ன்னு."

"சொன்னேன். ஊத்தல."

"ஒரு சொட்டு கலந்தாலும் ஆறு வருஷ உழைப்பு பொய்யாயிடும். பொய் சொல்லி எனக்குக் கையெழுத்து வேண்டாம்."

"உனக்காகத் திருட்டுத்தனம் பண்ற ஆளா நான்?" என்றான். முகம் வாடிவிட்டது. மதியம் தனியாகச் சாப்பிடப் போனான். ஆமை கோபித்து நான் பார்த்ததே இல்லை.

வீம்புக்கு எட்டாவது சுற்றை ஓட்டினேன். அதுவரை தொண்ணூற்று மூன்று சதவீதத்துக்குக் கீழே இறங்காத எஸ்டர் விளைச்சல் எழுபத்தொன்றில் வந்து நின்றது. தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அப்புறம்தான் உறைத்தது. புதுத் திரவம் ஊற்றியிருந்தால் விளைச்சல் இப்படி விழுமா? கூடியிருந்தது தண்ணீர்! ஈரம் போகவேயில்லை. தண்ணீர் தங்கினால் எஸ்டர் சரியாக உருவாகாது.

எழுபத்தொன்றைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆராய்ச்சியாளர் வேறு யாரும் இருக்க மாட்டார்.

பம்பின் ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தேன். மெல்லிய விரிசல். மூன்று மாதம் முன்பே ஆமை அதைக் குப்பைத்தொட்டியில் போட்டான். எடுத்துக் கழுவி மறுபடி மாட்டிய புண்ணியவதி நான்தான்.

"குழாய்தான் காரணம்" என்றேன் அவனிடம். "ம்" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை மிச்சமிருந்தது. அது என் வாயில் வரவில்லை. வெள்ளிக்கிழமை வரை மூன்று நாளும் அவன் தனியாகவே சாப்பிட்டான்.

புதுக் குழாய் மாட்டினேன். எடை ஒன்பதரைக்கு இறங்கியது. ஒன்பதாவதும் பத்தாவதும் தொண்ணூற்று மூன்று.

வெள்ளிக்கிழமை மேடம் என் மேசைக்கே வந்து பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் பேனா நின்றது. அடிக்குறிப்பைச் சத்தமாகப் படித்தார்: "எட்டாம் சுற்று: குழாய் விரிசலால் ஈரம் தங்கிவிட்டது. பழைய குழாயை மாட்டியது நான். வேறு யாரும் திரவத்தில் கை வைக்கவில்லை."

"கடைசி ரெண்டு வரி எதுக்கும்மா? எடுத்திடலாமே."

"இருக்கட்டும் மேடம். அது இல்லாம கொடுக்க மாட்டேன்."

மேடம் என்னைப் பார்த்தார், பக்கத்து மேசையைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பாட்டில்களுக்குப் பின்னாலிருந்து ஆமையின் தலை மெல்ல நீண்டது.

"சாப்பிடப் போலாமா?" என்றான்.