ஸ்டாண்டு அம்மா

பரண் மேலிருந்து ட்ரைபாட் பை தடாலென்று தரையில் விழுந்தது. கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த செபமாலை பாதி மந்திரத்தில் நின்றது.

"யாரு அது? என்ன சத்தம்?" பாஸ்கல் மாமா அங்கிருந்தே அதட்டினார்.

"ஒண்ணுமில்ல மாமா. நான்தான்," என்றாள் ஐரின், நாற்காலி மேல் நின்றபடி.

"செத்த நேரத்துல பெட்டியைத் தூக்கணும். இப்பப் போயி பரணை உருட்டிக்கிட்டு இருக்கா பாரு."

செபமாலை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. ஐரின் இறங்கினாள். பையின் மேல் மூன்று வருடத் தூசி இருக்கும் என்று நினைத்திருந்தாள். கையில் ஒட்டவில்லை. யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். இந்த வீட்டில் அவளைத் தவிர இருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் இப்போது கூடத்தில், கல்யாண வீடுகளுக்கு உடுத்தும் அரக்குப் பட்டோடு, விரல்களில் செபமாலை சுற்றி, பெட்டிக்குள் படுத்திருந்தாள்.

பக்கத்து வீட்டு ஜீனத் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். நேற்று மதியம் ஐரினின் அம்மா புஷ்பமேரி குளியலறை வாசலில் விழுந்து கிடந்ததை முதலில் பார்த்தது அவள்தான்.

"என்னடி தேடுற?"

"இதைத்தான் ஜீனத்தக்கா. பெட்டியோட எல்லாரும் நின்னு படம் எடுப்போம்ல. அதுல நான் நிக்கணும். ஸ்டாண்டுல கேமராவை வச்சு டைமர் போட்டுட்டு ஓடிப்போயி நின்னுக்கிடுவேன். எங்கம்மாவும் நானும் சேந்து ஒரு படம் கூட இல்லக்கா."

"என்னடி சொல்ற? இம்புட்டு வருசமா போட்டோ எடுக்குற, ஒண்ணு கூடவா இல்ல?"

இல்லை. பதினோரு வருடத் தொழிலில் திண்டுக்கல்லைச் சுற்றி ஐரின் எடுக்காத கல்யாணம் கிடையாது. முதல் எட்டு வருடமும் அம்மா கூடவே வந்தாள். வயசுப் பெண்ணைத் தனியாக மண்டபத்துக்கு அனுப்ப மனசில்லாமல் துணைக்கு வந்தவள், சும்மா உட்காரப் பிடிக்காமல் ட்ரைபாட் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். மூன்றரைக் கிலோ. எங்கே விரிக்க வேண்டும், எந்தக் காலை நீட்ட வேண்டும், சொந்தக்காரக் கூட்டம் இடிக்காமல் எப்படிக் காவல் நிற்க வேண்டும், எல்லாம் அத்துப்படி. "ஏப்பா தம்பி, காலைப் பாத்து வைப்பா, மூணு கால் நிக்குதுல்ல" என்று மாப்பிள்ளைத் தோழன்களை விரட்டுவாள். ஐரினின் கைப்பையும் போனும் அவள் மடியில் இருக்கும். நிலக்கோட்டைப் பக்கம் கல்யாண வீடுகளில் அவளுக்குப் பேரே 'ஸ்டாண்டு அம்மா'. "ஸ்டாண்டு அம்மாவுக்கு இலை போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பந்தியை முடிப்பார்கள்.

ஒருமுறை, மண்டபம் காலியான பிறகு, அம்மா கேட்டாள். "ஏன்டி, இதுல கேமராவை வச்சு அமுக்கி விட்டுட்டு நீயும் நானும் நிக்கலாம்ல?"

"அப்புறம் எடுப்போம்மா. பேட்டரி இல்ல."

பேட்டரி இருந்தது. ஐரினுக்குக் கால் வலித்தது, அவ்வளவுதான்.

மூன்று வருடம் முன்பு புதுக் கேமரா வாங்கினாள். கை நடுக்கத்தை அதுவே உள்ளுக்குள் சரிக்கட்டிக்கொள்ளும். வாங்கிய அன்றைக்கே சாயங்காலம், கோயிலுக்குள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், வெறும் கையில் பிடித்து ஒரு படம் எடுத்துக் காட்டினாள். மாதா சுரூபத்தின் கண் இமை வரைக்கும் துல்லியம்.

அம்மா நெடுநேரம் பார்த்தாள். "நல்லா இருக்கு. அப்ப ஸ்டாண்டு?"

"இனிமே எதுக்கும்மா? அந்தக் காலம் போச்சு."

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"அப்ப நாளைக்குக் கல்யாணத்துக்கு நான் எதுக்கு வரணும்?"

"நீ வீட்ல இரும்மா. ரெஸ்ட் எடு. எத்தன நாளைக்குத்தான் சுமப்ப?"

நல்ல மனதோடுதான் சொன்னாள். அறுபத்து மூன்று வயதில் அம்மா சுமக்க வேண்டாம் என்றுதான். அதற்குப் பிறகு போட்டோகிராபர்கள் கூடும் இடத்தில் ட்ரைபாட் வேணுமா வேணாமா என்று பேச்சு வந்தால், ஐரின் குரல்தான் ஓங்கி நிற்கும். "மூணு கால் எதுக்குங்க? ரெண்டு கை போதும்!" எல்லாரும் சிரிப்பார்கள். அதை வீட்டிலும் பெருமையாகச் சொல்லிக் காட்டினாள். அம்மாவும் சிரித்தாள்.

நேற்று சாணார்பட்டியில் கல்யாணம். போன் பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. பதினொன்று பத்துக்கு அம்மா. பதினொன்று பதினாலுக்கு அம்மா. பன்னிரண்டேகாலுக்கு ஜீனத். ஒன்றரை மணிக்குப் பந்தியில் உட்கார்ந்து போனை எடுத்தபோது மூன்று அழைப்பும் வரிசையாக இருந்தன.

ஐரின் பையின் ஜிப்பை இழுத்தாள். மடித்த ஒரு துண்டு, தோளில் பை உறுத்தாமல் இருக்க அம்மா போட்டுக்கொள்வது. கல்யாணப் பெண்ணின் முந்தானைக்கு அவசரத்துக்கு உதவும் ஊக்குக் கொத்து. துண்டில் இன்னும் தைல வாசனை. ட்ரைபாடை வெளியே எடுத்து விரித்தாள். எப்போதும் ஒரு கால் ஆடும். அடி ரப்பர் எங்கோ மண்டபத்தில் விழுந்து தொலைந்து போயிருந்தது. இப்போது ஆடவில்லை. குனிந்து பார்த்தாள். அந்தக் காலில் கைத்தடிக்குப் போடுகிற கறுப்பு ரப்பர் குமிழ், புத்தம் புதுசாக, இறுக்கமாகப் பொருந்தியிருந்தது.

"இது ஏது?"

ஜீனத் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லுங்கக்கா."

"போன மாசம் பேகம்பூருக்குப் போறேன்னு சொன்னேன். இந்த ரப்பரை வாங்கியாரச் சொல்லி, கால் அளவுக்கு நூல் கட்டிக் குடுத்து விட்டாங்க புஷ்பாக்கா. எதுக்குக்கா இதுன்னேன். 'எப்பவாச்சும் கூப்பிடுவா. கூப்பிடுற அன்னைக்கு ஆடக்கூடாது'ன்னாங்க."

வெளியே சவ வண்டி ஹாரன் அடித்தது. ஐரின் ட்ரைபாடின் மூன்று கால்களையும் சேர்த்து மடக்கினாள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள்.

கூடத்தில் பெட்டியின் தலைமாட்டுக்கு அடியில் முக்காலி கொடுத்து உயர்த்தியிருந்தார்கள். அம்மாவின் முகம் படத்தில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று எல்லா வீட்டிலும் செய்வதுதான். நிலக்கோட்டை மல்லிகை மாலை கழுத்து வரை கிடந்தது. மாமாவின் மகன் ரொனால்டு ஒரு கையில் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். அதில் குவைத்திலிருந்து அண்ணன் ராயப்பராஜ். லீவு கிடைக்கவில்லை.

"என்னம்மா இது?" என்றார் மாமா, ட்ரைபாடைப் பார்த்து.

"நானும் படத்துல நிக்கணும் மாமா. ரெண்டு நிமிசம்."

"சரி சரி, சட்டுனு பண்ணு. சாமியார் கோயில்ல காத்துக்கிட்டு இருக்காரு."

உறவுக்காரர்கள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். தலைமாட்டில் வலது பக்கம் ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டிருந்தார்கள். ஐரின் வாசலுக்குப் பக்கத்தில் ட்ரைபாடை ஊன்றினாள், கேமராவைப் பூட்டினாள், பத்து விநாடி வைத்தாள். அமுக்கினாள். சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. ஓடினாள்.

"ஏலே ரொனால்டு, ஆடுதுடா!" போனுக்குள்ளிருந்து அண்ணன் கத்தினான். "அம்மா மூஞ்சியே தெரியல. கிட்டப் போடா!"

ரொனால்டு போனை நீட்டிக்கொண்டு குறுக்கே பாய்ந்தான். ஐரின் பெட்டியை எட்டியபோது பின்னால் கேமரா சொடுக்கியது. திரும்பிப் போய்ப் பார்த்தாள். படம் முழுக்க ரொனால்டின் வெள்ளைச் சட்டை. அதன் ஓரத்தில், ஓடுகிற அவளுடைய முதுகு பாதி.

"இன்னொண்ணு மாமா. இன்னும் ஒரே ஒண்ணு."

கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு அடிக்கும் நடுவே நீண்ட இடைவெளி விட்டு, துக்க மணி. கோயில் உபதேசியார் வாசலில் எட்டிப் பார்த்தார். "மணி அடிச்சாச்சு. தூக்கிருவோமா?"

ரொனால்டு வலது கையை உதறினான். "கை கழண்டு போச்சு மதினி. காலைல இருந்து பிடிச்சிக்கிட்டே நிக்கேன். அந்த ஸ்டாண்டை இங்க குடுங்க. போனை அதுல மாட்டிரலாம், மச்சானுக்கு ஆடாமத் தெரியும்."

"அது எனக்கு வேணும் ரொனால்டு."

"உங்களுக்கு எதுக்கு மதினி ஸ்டாண்டு? நீங்கதானே சொல்லுவீங்க, மூணு கால் எதுக்கு, ரெண்டு கை போதும்னு."

கேலியாகச் சொல்லவில்லை அவன். அவளுடைய கேமராவின் பெருமையைத்தான் சொன்னான். இரண்டு மூன்று பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"ஐரின்..." அண்ணனின் குரல் உடைந்தது. "அம்மாவுக்கு மண்ணு போடத்தான் எனக்குக் குடுத்து வைக்கல. மூஞ்சியையாவது ஒழுங்கா பாக்க விடும்மா."

கூடமே அவளைப் பார்த்தது. ஐரின் குனிந்து திருகைத் தளர்த்தினாள். கேமரா கையோடு வந்தது. ரொனால்டு அந்த இடத்தில் போனை மாட்டினான். படம் ஆடாமல் நின்றது. "ஆங், இப்ப நல்லாத் தெரியுது," என்றான் அண்ணன். அவன் அழுகிற சத்தம் சின்ன ஸ்பீக்கரில் கரகரத்தது.

"ராயப்பனும் படத்துல இருக்கட்டும்," என்றார் மாமா. "மூத்த மகன் இல்லாம எப்படி? தலைமாட்டுல வைப்பா."

காலியாக இருந்த அந்த இடத்தில் ட்ரைபாடைக் கொண்டுபோய் வைத்தார்கள். அண்ணன் முகம் படத்தில் விழ வேண்டும் என்று போனை முன்பக்கம் திருப்பினார்கள். மூன்று கால்களும் அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றன.

கதவோரம் நின்ற ஜீனத்தை மாமா பார்த்தார். "ஏம்மா, நீ ஏன் ஒதுங்கி நிக்குற? எந்தங்கச்சிக்குக் கூடப்பிறந்தவ மாதிரி இருந்த. உள்ள வா."

"ஐரின் நிக்கட்டும்ணே. நான் வேணா அதை அமுக்குறேன்."

"உனக்கு என்ன தெரியும் அதுல? கடைசிப் படம். நாளைக்கு பிரேம் போட்டு மாட்டுறது. அவ எடுத்தாத்தான் எந்தங்கச்சி மூஞ்சி மூஞ்சியா வரும்."

ஜீனத் ஐரினைப் பார்த்தாள். ஐரின் லேசாகத் தலையசைத்தாள். ஜீனத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்க் கடைசியில் நின்றாள்.

ஐரின் பின்னால் நகர்ந்தாள். எல்லாரும் அடங்க வேண்டுமென்றால் இன்னும் பின்னால் போக வேண்டும். வாசற்படி குதிகாலில் இடித்தது. படியைத் தாண்டி வெளியே, வெயிலில் இறங்கி நின்றாள். செருப்பில்லாத காலில் சிமெண்டுத் தரை சுட்டது. கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

கை நடுங்கியது. முழங்கையை விலாவோடு ஒட்டினாள். அப்போதும் நடுங்கியது. உள்ளே, அந்தச் சின்னச் சதுரத்தில், படம் கொஞ்சமும் நடுங்கவில்லை. மல்லிகையின் ஒவ்வொரு இதழும், அம்மாவின் நெற்றிச் சுருக்கமும், ட்ரைபாட் காலின் கறுப்பு ரப்பரும் கல்லில் செதுக்கியது போலத் தெரிந்தன. அம்மாவின் தோளை ஒட்டி, மூன்று கால் மேல், அண்ணனின் ஈர முகம்.

"எனக்கு ஐரின் மட்டும்தான் தெரியுறா," என்றது அந்த முகம். "எல்லாரும் நின்னாச்சா மாமா?"

பாஸ்கல் மாமா இடமிருந்து வலமாக ஒரு தடவை தலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் நின்னாச்சுப்பா, ஒருத்தர் பாக்கியில்ல. நீ எடும்மா."