எழுந்தால் முடிந்தது

டெவன் தெருவில் காரை நிறுத்தியபோது பகல் ஒன்றரை மணி கடந்திருந்தது. இறங்குவதற்கு முன் சார்மி வானத்தைப் பார்த்தாள். பிப்ரவரி மாதத்துச் சிகாகோவில் சூரியன் மாலை முழுதாக வருமுன்பே சாய்ந்துவிடும். அத்தெருவின் புஃபேக்களோ அதற்கும் முன்பே பாத்திரம் கழுவத் தொடங்கிவிடும். சூரியனை முந்திக்கொண்டு சமையற்காரர்கள் அஸ்தமித்துவிடுவார்கள் என்பதுதான் அவளுடைய பயம்.

பக்கத்து இருக்கையில் அவள் மாமியார் ரசீலாபென், காய்ச்சி ஆறவைத்த நீர் நிரம்பிய குடுவையை மடியில் அணைத்தபடி கண்மூடி அமர்ந்திருந்தார். வர்ஷிதப் என்ற சமண நோன்பு: ஒரு நாள் முழுப் பட்டினி, மறுநாள் பகலில் ஒரே வேளை உணவு, இப்படியே ஓராண்டுக்கும் மேல். முடிய இன்னும் இரண்டு மாதமே பாக்கி. நேற்று பட்டினி, நாளையும் பட்டினி. இரண்டுக்கும் நடுவில் கிடைத்த இந்த ஒரு வேளையைத்தான், விடியற்காலையில் உறைந்து வெடித்த தண்ணீர்க் குழாய், சமையலறையோடு சேர்த்து அடித்துக்கொண்டு போயிருந்தது. தெரிந்த வீடுகளிலெல்லாம் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

"மம்மியை எங்கயாவது நல்ல புஃபேயா பார்த்துக் கூட்டிட்டுப் போ," என்று சொல்லிவிட்டு, அவள் கணவன் தேவாங் குழாய் வேலைக்காரர்களோடு மல்லுக்கட்டப் போய்விட்டான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டான். சென்ற வாரம் கோயில் படியில் அவன் தாய் தலைசுற்றி உட்கார்ந்ததை அவன் பார்க்கவில்லை, சார்மிதான் பார்த்தாள். "அவன்கிட்ட சொல்லாதே, உடனே நிறுத்தச் சொல்லுவான்," என்று மாமியார் கேட்டுக்கொண்டதால், அந்தப் பயத்தை அன்றுமுதல் அவள் ஒருத்தியே வயிற்றில் கட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் கடையில் சைவமும் அசைவமும் ஒரே வரிசையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. வாசலிலிருந்தே திரும்பிவிட்டாள். இரண்டாவது கடையில், வெங்காயம் இல்லாத பருப்பு உண்டா என்று கேட்டாள்.

"வெங்காயம் பெருசு பெருசாத்தான் வெட்டியிருக்கோம். ஒதுக்கிட்டுச் சாப்பிடுங்க," என்றான் கல்லாவில் இருந்தவன், பெரிய உபகாரம் செய்தவனைப் போல.

காருக்குத் திரும்பியபோது ரசீலாபென் கண் திறந்தார். "கிடைக்கலைன்னா விடு பேட்டா. தண்ணி இருக்கு. மூணு நாள் பட்டினி கிடந்து யாரும் செத்ததில்லை."

"நீங்க பேசாம இருங்க மம்மி."

"பேசாம இருந்தா தூங்கிட்டேன்னு பயப்படறே. பேசினா அதட்டறே."

மூன்றாவது கடை தெருவின் கோடியில் இருந்தது. முழுச் சைவம். அதன் முதலாளி தின்கர்பாய், மாமியாரின் கையிலிருந்த நீர்க்குடுவையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"ஏகாசணாவா பென்?" என்று குஜராத்தி வழக்கில் அக்கா முறை வைத்துக் கேட்டார். "இடது பக்கம் இருக்கிற வரிசை முழுக்க நம்மாளுங்களுக்கு. வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் கிடையாது. என் சம்சாரமே சமைக்கிறா. அதனால தப்பு இருந்தாலும் நான் வாயைத் திறக்க முடியாது."

ரசீலாபென் சிரித்தார். சார்மிக்குச் சிரிப்பு வரவில்லை. ஏகாசணா என்றால் ஒரே ஆசனம்: உட்கார்ந்த இடத்திலேயே உண்டு முடிக்க வேண்டும், நடுவில் எழுந்துவிட்டால் அன்றைய உணவு அத்தோடு முடிந்தது. எல்லோரும் எழுந்தெழுந்து போய் எடுத்துண்பதற்கென்றே அமைந்த ஓரிடத்தில், எழவே கூடாத ஒருவரை அவள் கொண்டுவந்து அமர்த்தியிருந்தாள். யாரும் 'கொஞ்சம் வழிவிடுங்க' என்று கேட்டுவிடக் கூடாதென்று சுவரோர மேசையாகத் தேர்ந்தெடுத்தாள். கழிவறை போக வேண்டுமா என்று குழந்தையிடம் கேட்பதுபோல் இருமுறை கேட்டாள்.

"போயிட்டு வந்துதான் உட்கார்ந்திருக்கேன், அம்மா தாயே. சோத்தைக் கொண்டு வா."

ரசீலாபென் கைகூப்பி மந்திரத்தை முணுமுணுத்து முடித்தார். சார்மி முதல் நடையில் மெல்லிய ரொட்டியான ரொட்லியும் கோவைக்காய்க் கறியும், இரண்டாம் நடையில் சோறும் மோர்க்குழம்பு போன்ற தயிர்க்கடியும் கொண்டுவந்து பெரிய தட்டு நிறைய வைத்தாள். ரசீலாபென் ஒரு ரொட்லியைக் கிள்ளிக் கிள்ளி, அவசரமே இல்லாத மனுஷியாக மென்றார். ஒவ்வொரு கவளத்தோடும் சார்மியின் தொண்டையும் அசைந்தது. இன்னும் பருப்பு வேண்டும். பருப்பில்தான் தெம்பு இருக்கிறது. அதற்காக அவள் மூன்றாம் முறை போனபோதுதான் அது நடந்தது.

தடித்த மேலங்கி அணிந்த ஒருவர், காதுக்கும் தோளுக்கும் இடையில் கைபேசியை இடுக்கிக்கொண்டு, வலப்பக்க வரிசையின் உருளைக்கிழங்குக் கறியில் கிடந்த கரண்டியாலேயே இடப்பக்கப் பருப்பை அள்ளி ஊற்றிக்கொண்டார். கரண்டியின் விளிம்பிலிருந்து ஒரு மஞ்சள் துணுக்கு பருப்பில் விழுந்து அமிழ்ந்தது.

"ஐயோ, பாய்! அந்தக் கரண்டி!"

"என்னம்மா, எல்லாம் ஒரே வயித்துக்குள்ளதானே போகுது?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் விளங்காமல் நகர்ந்தார்.

சார்மி அடுக்களை வாசலுக்கு ஓடினாள். தின்கர்பாய் தலையில் அடித்துக்கொண்டு, உள்ளே அடுப்பிலிருந்த பானையிலிருந்து புதிதாக ஒரு கிண்ணம் பருப்பு ஊற்றித் தந்தார். "மெதுவா போம்மா, சுடச்சுட இருக்கு. பென் எங்க போயிடப் போறாங்க?"

அவள் மெதுவாகப் போகவில்லை. மாமியார் தட்டில் விரலைத் துடைப்பதுபோல் தோன்றியது. போதும் என்று முடித்துவிடுவாரோ என்ற பதற்றம் காலைத் தள்ளியது. வருகிறவர்களின் காலணிகளிலிருந்து உருகி வழிந்த பனிநீர் தரையெங்கும் பளபளத்தது. குதிகால் வழுக்கியது. கிண்ணம் ஒருபுறமும் அவள் ஒருபுறமுமாகப் போக, முழங்கால் 'டமார்' என்று தரையில் மோதியது.

யாரோ அவள் தோளைப் பற்றித் தூக்கினார்கள். சுடுபருப்பு கையில் பட்டதா என்று புரட்டிப் பார்த்தார்கள். "எங்கடீ பட்டது? காலை நீட்டு, நீட்டுன்னா!" அந்தக் குரலை அடையாளம் கண்ட நொடியில் சார்மிக்கு வலி மறந்துபோயிற்று. அவள் மாமியாரைப் பார்க்கவில்லை. சுவரோரம் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"மம்மி... நீங்க எழுந்துட்டீங்க."

ரசீலாபெனும் திரும்பி நாற்காலியைப் பார்த்தார். "ஆமா," என்றார். "எழுந்துட்டேன்."

தின்கர்பாய் துணியோடு ஓடிவந்தார். "பென், இதெல்லாம் கணக்கே இல்ல. தன்னையறியாம நடந்தா விலக்கு உண்டுன்னு நோன்பு எடுக்கும்போதே சொல்லித்தானே எடுக்கிறோம்? உட்காருங்க, சாப்பிடுங்க."

"தன்னையறியாமலா எழுந்தேன்? இவ விழுந்ததைப் பார்த்தேன், தூக்கணும்னு நெனச்சேன், எழுந்தேன். தெரிஞ்சேதான் எழுந்தேன், பாய்."

"மம்மி, ஒரே ஒரு ரொட்லிதான் சாப்பிட்டிருக்கீங்க!" சார்மி தட்டைக் காட்டினாள். "நாளைக்கும் பட்டினி. என்னாலதான். நான் ஓடியிருக்கக் கூடாது."

"ஓடினது தப்புதான். அதுக்காக விழுந்து கிடக்கிறவளை உட்கார்ந்தே வேடிக்கை பார்த்தா, அந்த விரதம் எனக்கு எதுக்கு?" ரசீலாபென் அவளை நடத்திக்கொண்டுவந்து, தாம் விட்டெழுந்த அதே நாற்காலியில் உட்காரவைத்தார். "தட்டில மிச்சம் விடக் கூடாது. நான் இனிமே தொட முடியாது. நீ சாப்பிடு."

"எனக்கு இறங்காது."

"காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லில படாம சுத்தறே. நான் கணக்கு வச்சுத்தான் இருக்கேன். சாப்பிடு." சற்றுக் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "வலது பக்கத்து உருளைக்கிழங்கு கொஞ்சம் கொண்டு வரட்டுமா? தேவாங் உனக்கு ரகசியமா வாங்கித் தர்றான்னு எனக்குத் தெரியாதா?"

அந்தக் கலவரத்திலும் சார்மியின் காது சிவந்தது. அவள் சோற்றைப் பிசைந்தாள். மாமியாருக்குள் போயிருக்க வேண்டிய கவளம் தன் வாய்க்குள் போவது, திருடித் தின்பதுபோல் உறுத்தியது. விழுங்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"நாளைக்குத் தலை சுத்துச்சுன்னா?"

"சுத்தாது."

"சுத்துச்சுன்னா, மம்மி? உடம்பு முடியலைன்னா மருந்து எடுத்துக்கலாம்னு அதே நோன்பில விலக்கு இருக்கு. சொல்லுங்க. இல்லேன்னா நான் இந்தத் தட்டை இப்படியே வச்சிடுவேன்."

தட்டை மிச்சம் வைப்பது என்ற மிரட்டலின் கனம் ரசீலாபெனுக்குத் தெரியும். வெளியே, எதிர்க்கூரைப் பனியின்மேல் வெயில் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. அவர் குடுவையைத் திறந்து, இரண்டு வாய் நீர் குடித்து, நிதானமாக மூடினார்.

"சுத்தினா சொல்றேன். உன்கிட்ட மட்டும் இல்ல, தேவாங்கிட்டயும். போதுமா?"

"போன வாரத்ததையும்."

"...போன வாரத்ததையும். பொல்லாதவடீ நீ."

சார்மி கடைசிப் பருக்கைவரை உண்டாள். தட்டில் கொஞ்சம் நீர் ஊற்றச் சொல்லி, விரலால் கழுவி, அந்தக் கழுநீரையும் வழக்கப்படி குடித்தாள். குடித்தபடியே தட்டின் விளிம்புக்கு மேலாகப் பார்த்தாள். ரசீலாபென் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றிருந்தார். அந்தப் பிடி வெறும் சாய்மானமா, தள்ளாட்டமா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. எழுந்து, ஒன்றும் கேட்காமல், மாமியாரின் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். இருவரில் யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று பிறருக்குத் தெரியாதபடி, நொண்டிக்கொண்டே கதவை நோக்கி நடந்தாள்.