பத்தாயிரம் முறை கலைத்த பெயர்கள்

என் கணவன் சைதன்யாவுக்கு டெங்கு முற்றிய அன்று நான் புனேயில் ஒரு கருத்தரங்கில், பாட்டைக் கேட்டுப் பாடகரைச் சொல்லும் கணினி நிரல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். சாதாரண ஜுரம்தான், முடித்துவிட்டு வா என்று காலையில் சொல்லியிருந்தான். நானும் மகாராணி மாதிரி எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்தேன். அதற்குள் அவனுக்கு நினைவு தப்பியிருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசாமலே செத்துப்போனான்.

ஒரு வருஷம் கழித்து அவன் போனில், அந்த மாலையில் பதிவான ஒலிப்பதிவு ஒன்று கிடைத்தது. நாற்பது விநாடி. எங்கள் பெஹாலா வீட்டுக் கூடத்தில் யாரோ தணிந்த குரலில் பாடுவது மங்கலாகக் கேட்டது. ஒரு நாள் கேட்டால் அவன், மறுநாள் கேட்டால் அவன் இல்லை. அவனாக இருந்தால், நான் இல்லாத அந்த மாலையில் பாடுமளவுக்குத் தெம்பாக இருந்திருக்கிறான். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவன் வீட்டில் பாடிய அறுபது பதிவுகளையும் வேறு முப்பது பேரின் பாட்டுகளையும் என் நிரலுக்குக் கொடுத்துப் பழக்கினேன். அந்தக் குரல் அவனுடையது என்றது. குருட்டாம்போக்கில் சொல்கிறதோ என்று, பாட்டுகளுக்கு உரிய பெயர்களைக் கலைத்துப் போட்டுப் பத்தாயிரம் முறை சோதித்தேன். கலைத்த பெயர்களோடு அது ஒரு முறைகூட அந்த அளவுக்குச் சரியாகச் சொல்லவில்லை. மாமியார் ராஜலக்ஷ்மியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பதிவைக் கேட்டுத் தலையை ஆட்டினார். அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

நியூ டவுன் ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் மேக்னாதான் கெடுத்தாள். மற்றவர்கள் பாடியது வேறு வேறு இடங்களில், சைதன்யா மட்டும் ஒரே கூடத்தில்தானே என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. மாணவர்களுக்கு நான் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. சனிக்கிழமை மத்தியானம் கூடத்தில் மின்விசிறியை மட்டும் ஓடவிட்டு, யாரும் பாடாமல் நாற்பது விநாடி பதிந்து கொடுத்தேன். நிரல் கொஞ்சமும் கூசாமல் சைதன்யா என்றது. அது கற்றிருந்ததெல்லாம் எங்கள் விசிறியின் கடகடப்பு.

மாமியாரிடம் போய்ச் சொன்னேன். அந்தப் பதிவில் பாடியது யாரென்று இனித் தெரியப்போவதில்லை என்னும்போது அழுகை வந்துவிட்டது. அவர் அடுப்பை அணைத்தார்.

"அவனைப் பாக்க வந்த எதிர் ஃப்ளாட் உத்தம் பாடினார். நான் பக்கத்துலேயே உக்காந்துண்டிருந்தேன்."

அன்று முழுக்க வீட்டில் இருந்தவர் அவர். அவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

"அன்னிக்குத்தான் நீ ரெண்டாந்தரம் சாதம் கேட்டே. எப்படிடி சொல்லுவேன்?"

அப்போது சைதன்யா என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விடவில்லை.

"உன்னைக் கூப்பிடறேன்னு போனை எடுத்து எதையெதையோ அழுத்திண்டிருந்தான், அதான் பதிஞ்சிருக்கு. விரல் நிக்கலை. நீ மேடையில இருப்பேன்னு நான்தான் பிடுங்கி வெச்சுட்டேன்."