இரண்டாவது விலாசம்

1

'அக்காவின் ஜாக்கெட் எனக்கென்றே தைத்தது போல் இருக்கிறது. அம்மா இதைப் பார்த்துவிடக் கூடாது.'

நாகலெட்சுமி இப்படி நினைத்ததாகத் தொடங்குகிறேன். பெயர் நான் வைத்தது. இரண்டாயிரத்து இரண்டில், கொழும்பில் கணினி நிறுவனமொன்றில் வேலை செய்த மலையகப் பெண் ஒருத்தி தன் வேலையை எனக்கு விளக்கினாள். தொலைவில் வேறொரு கணினியில் இருக்கும் நிரலைக் கூப்பிட அதன் விலாசம் வேண்டும். அதோடு மாற்று விலாசங்களையும் சேர்த்து எழுதிவைப்பது அவள் வேலை. முதல் கணினி செத்துவிட்டால் அழைப்பு அடுத்ததற்குப் போகும்.

"பதில் சொல்றது வேற ஆளுன்னு கூப்பிட்டவங்களுக்குத் தெரியவே கூடாதுங்க."

அக்கா இறந்ததைப் பிறகுதான் சொன்னாள். கதை அங்கேதான் பிறந்தது.

2

அக்கா இந்திராணி அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். கரு கலைந்து, இரத்தம் நிற்காமல், கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்...

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

கணவன் அழகுமுத்துவை முதல் வரைவில் குடிகாரனாக்கினேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். கெட்டவனைக் கட்டிக்கொள்ள மறுப்பது சுலபம். இவன் இரண்டு வயது மகனுக்குத் தானே சோறூட்டுகிறான். கொழுந்தியாள் வந்திருக்கும் நாட்களில், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வராமல் வாசலோடு நின்றுகொள்கிறான்.

3

"மச்சான் நல்ல மனுசன்டி," என்றாள் அம்மா.

"கெட்டவருன்னு நான் சொல்லலையேம்மா."

"கொழும்புல பொட்டி தட்டுற மகாராணிக்கு லயத்துக் காம்பரா ஆகாதாக்கும்?"

"காம்பராவுலதானே பெத்துப் போட்டீங்க."

அம்மா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "கல்யாணப் பேச்ச விடு. புள்ள அம்மான்னு கூப்பிட்டா 'என்னா சாமி'ன்னு மட்டும் கேளு. மிச்சமெல்லாம் தானா அமைஞ்சிரும்."

4

ஒரு முடிவில் நாகலெட்சுமி அப்படியே 'என்னா சாமி' என்று கேட்கிறாள். பிள்ளை நன்றாக வளர்கிறது. அந்த வீட்டில் யாரும் இந்திராணியைத் தேடுவதில்லை. எழுதியதிலேயே சந்தோஷமான முடிவு அதுதான். என்னால் அதைத் திரும்பப் படிக்க முடியவில்லை.

இன்னொன்றில் அவள் முதல் பஸ்ஸில் ஏறி [கைவிட்டேன்]

மூன்றாவதை உங்களிடம் விட நினைத்திருந்தேன். அதற்குள் பிள்ளை விழித்துக்கொண்டது.

"அம்மா!"

அம்மா மகளைப் பார்த்தாள். வாசலில் அழகுமுத்து தலையைக் குனிந்துகொண்டான். நாகலெட்சுமி போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். அது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டது.

"அம்மா இல்ல சாமி," என்றாள் மெதுவாக. "அம்மா செத்துப்போச்சு. நான் சின்னம்மா."